ரத்து என்றால் எதை ரத்து?

தில்லை நகரில் ஒரு கண் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். சிறிய மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். நோயாளிக்கு நேரம் ஒதுக்குவது, பில் போடுவது, பரிசோதனை முடிவை அனுப்புவது என்று அன்றாட வேலைகளுக்கானது. அங்கே நான் புரோகிராம் எழுதுபவள் அல்ல. புரோகிராமைப் பற்றி எழுதுபவள். ஒரு புது வசதி வந்தால் அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று உதவிப் பக்கம் எழுதி ஏற்றுவேன். பல வருடங்களாக அதுதான் வேலை.

நான் எழுதியதை யாரும் படித்ததில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? சந்தேகம் வந்தால் போன் செய்வார்கள். எங்கள் பக்கம் போனை எடுக்கும் பெண் என் உதவிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறாள் என்று கொஞ்ச காலம் நம்பியிருந்தேன். பக்கத்து மேஜைப் புரோகிராமரிடம் கேட்டுச் சொல்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

என் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறார். ஸ்ரீரங்கத்தில் வீடு. நான் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவர், "நம்ம வீட்டு வாஷிங் மெஷின் புஸ்தகத்தையே நாம இன்னும் பிரிக்கல. ஊரைச் சொல்லி என்ன பண்றது?" என்றார். நியாயமாகத்தான் இருந்தது.

நான் எழுதியதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கிற ஒரு வாசகர் எனக்குக் கிடைத்தது ஒரு தவறு நடந்த பிறகுதான்.

தென்னூரில் ஒரு டயாலிசிஸ் மையம் எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தி வந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்தில் சில நாட்கள் வந்து, சில மணி நேரம் மெஷினோடு படுத்திருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் இடம். ஒவ்வொருவருக்கும் இன்ன கிழமை, இன்ன வேளை என்று நிரந்தரமாக ஓர் இடம் உண்டு. அதில் ஏதாவது மாறினால் போன் செய்து சொல்வார்கள். நாள் முழுக்க இந்தப் போன்தான். மையத்தைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டர், நோயாளியின் கையில் ஊசியைப் பொருத்துவாரா, போனை எடுப்பாரா?

எங்கள் நிறுவனத்தை நடத்தும் சார் ஒரு வழி சொன்னார். நோயாளிகள் வாட்ஸ்அப்பில் எழுதியோ பேசியோ அனுப்பட்டும். ஓர் ஏஐ ஏஜென்ட் அதைப் புரிந்துகொண்டு நேரத்தை மாற்றிக் கொடுக்கட்டும். எங்கள் மென்பொருளில் ஏற்கெனவே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னக் கருவி இருந்தது. காலி இடம் பார்க்க ஒன்று, பதிவு செய்ய ஒன்று, மாற்ற ஒன்று, ரத்து செய்ய ஒன்று. அந்தக் கருவிகளை ஏஜென்டின் கையில் கொடுத்துவிட்டால், எது தேவையோ அதை அதுவே எடுத்துச் செய்யும். தலைமைப் புரோகிராமர் முப்பது வயதைத் தொடும் இளைஞர். கெட்டிக்காரர். வெகு சீக்கிரம் இணைத்து ஓட்டியும் விட்டார். சோதித்தபோது நன்றாகத்தான் வேலை செய்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அந்த மையத்துக்கு வந்துகொண்டிருந்தார். ஒருநாள், வீட்டில் குருவின் பிறந்த நட்சத்திர விழா என்பதால், அவருடைய மனைவி பேசி அனுப்பினார். "நாளைக்கு எங்க அகத்துல ஆசார்யன் திருநக்ஷத்ரம். காலம்பற வர முடியாது, காலம்பற வேண்டாம். சாயங்காலம் பார்த்து மாத்திக் குடுங்கோ."

ஏஜென்ட் பதில் அனுப்பியது: "உங்கள் பதிவு ரத்து செய்யப்பட்டது. நன்றி."

காலை நேரம் ரத்தாகிவிட்டது, சாயங்காலம் போகலாம் என்று அந்த அம்மாள் எடுத்துக்கொண்டார். மறுநாள் மாலை இருவரும் ஆட்டோவில் தென்னூர் போய் இறங்கினார்கள். அங்கே அவருக்கு இடம் இல்லை. அன்று மட்டும் அல்ல, எந்தக் கிழமையிலும் அவர் பெயரே இல்லை. அவருடைய நிரந்தர இடம் முழுவதையும் ஏஜென்ட் அழித்துவிட்டது. காலியான இடத்தில் காத்திருந்த வேறொருவரைப் பதிவும் செய்துவிட்டது.

சிஸ்டர் ஒரு நோயாளியிடம் கெஞ்சிக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லி, தலைமையாசிரியருக்கு அன்றே டயாலிசிஸ் செய்து அனுப்பினார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீங்கிய காலோடு அவர் வரவேற்பறை நாற்காலியில் காத்திருந்ததைப் பார்த்த எல்லோரும் பயந்துபோனார்கள். மையத்தின் மருத்துவர் எங்கள் சாரைக் கூப்பிட்டு, இதை நிறுத்துங்கள் என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் எல்லோரும் கூடினோம். தலைமைப் புரோகிராமரின் முகம் வாடியிருந்தது. "மாடல் சரியில்ல சார். இதைவிடப் பெரிய மாடல் வாங்கணும். இல்லன்னா இந்த வேலையையே விட்டுடணும்" என்றார். ஏஜென்டுக்கு மூளையாக இருக்கும் ஏஐயைத்தான் மாடல் என்றார். சார் நெற்றியைத் தேய்த்தார். பெரிய மாடல் என்றால் செலவு. விட்டுவிட்டால் அத்தனை உழைப்பும் போய்விடும்.

அந்தக் கூட்டங்களில் நான் பேசுவது வழக்கமில்லை. முடிந்த பிறகு முடிவை எழுதி எல்லோருக்கும் அனுப்புவது மட்டும்தான் என் பங்கு. அன்று ஏனோ கேட்டுவிட்டேன். "அந்த அம்மா சொன்னதைப் படிச்சுட்டு, ஏஜென்ட் வேற எதைப் படிச்சு இந்த முடிவுக்கு வந்துச்சு? அதை எனக்குக் காட்ட முடியுமா?"

"டூலோட பேரும் விளக்கமும்தான் அக்கா. அதைத்தான் படிக்கும்" என்றார் அவர். கூட்டம் கலைந்ததும் அவருடைய திரையில் காட்டினார்.

நான் பார்த்ததை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. ரத்து செய்ய இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்றின் பெயர் 'கேன்சல் புக்கிங்'. அதன் விளக்கம், பதிவை ரத்து செய்யும் என்ற ஒரே வரி. எந்தப் பதிவை என்று இல்லை. உண்மையில் அது, நோயாளி வேறு ஊருக்குப் போய்விட்டால் அவர் கணக்கையே மூடுவதற்காகச் செய்த கருவி. இன்னொன்றின் பெயர் 'டிராப் செஷன்'. ஒரு நாளை மட்டும் விலக்குவது அதுதான். அதன் விளக்கம், செஷனை டிராப் செய்யும். அங்கேயே வேலை பார்க்கிற நானே, பெயரை மட்டும் பார்த்தால், அது லாக் அவுட் செய்வதற்கானது என்றுதான் நினைப்பேன். நேரம் மாற்றுவதற்கு இருந்த கருவியின் பெயர் 'ஷிப்ட்'. காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று மையத்தில் சொல்கிற ஷிப்டா, ஒருவரை வேறு இடத்துக்கு ஷிப்ட் பண்ணுவதா, நர்ஸ்களின் டியூட்டி ஷிப்டா? ஒன்றும் சொல்லவில்லை. தேதி என்ற இடத்தில் நாள் முதலில் வர வேண்டுமா மாதம் முதலில் வர வேண்டுமா என்றும் இல்லை.

"இதையெல்லாம் நான் உதவிப் பக்கத்துல எழுதியிருக்கேனே. கேன்சல் பட்டனைத் தொட்டா மொத்தமும் போயிடும்னு சிவப்புல போட்டிருக்கேனே."

"அது மனுஷங்களுக்கு அக்கா. ஏஜென்ட் அந்தப் பக்கம் வராது. இந்தத் திரை, சிவப்புக் கலர், எதுவும் அதுக்குத் தெரியாது."

"நேத்து தப்புப் பண்ணிச்சே, அது?"

"அதுவும் ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் வந்து இதைப் படிக்கும்."

அப்படியானால் ஒவ்வொரு செய்திக்கும் அது வேலையில் சேர்ந்த முதல் நாள். கேட்பதற்குப் பக்கத்து மேஜை கிடையாது. கையில் இருப்பது இந்த ஒற்றை வரிகள் மட்டும். கேன்சல் என்ற பெயருள்ள கருவியை அது எடுத்ததில் என்ன ஆச்சரியம்? அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

சாரிடம் போனேன். "மாடல் அதே இருக்கட்டும் சார். விளக்கங்களை நான் எழுதிப் பார்க்கிறேன்" என்றேன். தலைமைப் புரோகிராமரும் அங்கே இருந்தார். அவர் என்னைக் கேலி செய்யவில்லை, நிஜமாகவே சந்தேகப்பட்டார். "டாக்குமென்ட் நல்லா இருந்தா மாடல் புத்திசாலி ஆயிடுமா அக்கா?"

"ஆகாது. ஆனா அது இப்ப முட்டாள்னும் தெரியலயே" என்றேன்.

சார் சிரித்துவிட்டார். மையத்தோடு பேசி ஓர் ஏற்பாடு செய்தார். ஏஜென்ட் என்ன செய்ய நினைக்கிறதோ அதைத் திரையில் காட்டும். சிஸ்டர் பார்த்துச் சம்மதித்துப் பொத்தானை அழுத்தினால்தான் நடக்கும். அதற்குள் நான் எழுதிக் காட்ட வேண்டும்.

நான் உடனே எழுத உட்காரவில்லை. தென்னூருக்குப் போனேன். நோயாளிகள் எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரியாமல் எந்தக் கருவி எப்போது என்று எப்படி எழுதுவது?

சிஸ்டர் என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டவில்லை. "உங்க மெஷின் பண்ணின வேலைக்கு நான்தாங்க பேச்சு வாங்கினேன்" என்றார்.

"தெரியும் சிஸ்டர். அதனாலதான் வந்தேன். நீங்க போன்ல பேசறதைப் பக்கத்துல உட்கார்ந்து கேக்கணும். குறுக்க வர மாட்டேன்."

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அன்று காலையிலிருந்து மதியம்வரை அங்கே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகும் பல காலைகள் போனேன்.

எத்தனை விதமாகப் பேசுகிறார்கள். முக்கொம்புப் பக்கத்திலிருந்து வரும் ஒரு விவசாயி, "இந்தத் தடவை விட்டுடுங்கம்மா" என்றார். ஒரு பெண், "அப்பாவ மதுரைக்கு ஷிப்ட் பண்றோம்" என்றாள். அடுத்தவர், "என்னை மதியத்துக்கு ஷிப்ட் பண்ணிடுங்க" என்றார். ஒரு மகன், "இன்ஷா அல்லாஹ் சாயங்காலம் அத்தாவ கூட்டிட்டு வந்துடுறேன்" என்றான்.

"இவர் வருவாரா மாட்டாரா? எதை எடுத்துக்கறது?" என்று சிஸ்டரிடம் கேட்டேன்.

"இன்ஷா அல்லாஹ்னு சொன்னா நேரத்துக்கு வந்து நிப்பாருங்க. 'ட்ரை பண்றேன் சிஸ்டர்'னு சொல்றாங்க பாருங்க, அவங்களைத்தான் மறுபடியும் கூப்பிடணும்."

"வேண்டாம்னு சொன்னா?"

"அன்னைக்கு வேண்டாம்னு அர்த்தம். அவ்வளவுதான். டயாலிசிஸை மொத்தமா வேண்டாம்னு இங்க யாருங்க சொல்லுவாங்க? அப்படி ஒருத்தர் சொன்னா நான் போன வச்சுட்டு அவர் வீட்டு ஆளைக் கூப்பிடுவேன். அவர் மனசு சரியில்லன்னு அர்த்தம்."

ஒரு சொல்லுக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிற இடம் அது. இனி ஒரு வரியையும் அலட்சியமாக எழுதக் கூடாது என்று அன்று தோன்றியது.

முதல் முறை எழுதியது சரியாக வரவில்லை. இத்தனை வருடம் யாரும் படிக்காத குறையைத் தீர்த்துக்கொள்வதுபோல் நீட்டி எழுதிவிட்டேன். ஒவ்வொரு கருவிக்கும் பக்கம் பக்கமாக எச்சரிக்கை. ஜாக்கிரதை, உறுதி செய்துகொள், அவசரப்படாதே. ஏஜென்ட் படித்தது, எல்லாவற்றையும் படித்தது, பயந்துவிட்டது. ஒருவர் மதியத்துக்கு மாற்றிக் கேட்டால், உறுதியாகத்தானே, காலை வேண்டாம்தானே, மதியம்தானே என்று திரும்பத் திரும்பக் கேட்டது.

சிஸ்டர் போன் செய்தார். "முன்னாடி கேக்காம பண்ணிச்சு. இப்ப கேட்டுக்கிட்டே இருக்கு, பண்ண மாட்டேங்குது. ஒரு பெரியவரு, 'ஏம்மா, இதுக்குக் காது கேக்காதா'ன்னு கேக்கறாரு."

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். வருத்தம் வரவில்லை. நான் எழுதியதால் ஏதோ மாறியிருக்கிறது அல்லவா? தவறாகவே மாறட்டும், மாறியிருக்கிறது. இத்தனை வருடத்தில் என் எழுத்தைப் படித்துவிட்டு ஒருவர் நடையை மாற்றிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மறுபடியும் உட்கார்ந்தேன். இந்த முறை, நல்ல புத்தியுள்ள, ஆனால் இந்த ஊருக்குப் புதிதான ஒருவர் சிஸ்டரின் நாற்காலியில் இன்று காலை வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதினேன். அவருக்கு என்ன தெரிய வேண்டும்? இந்தக் கருவி என்ன செய்யும் என்பது முதல் வாக்கியம். எப்போது எடுக்க வேண்டும் என்பது அடுத்தது. எப்போது எடுக்கக் கூடாது, அப்போது எதை எடுக்க வேண்டும் என்பது அதற்கடுத்து. செய்தால் திரும்பப் பெற முடியுமா முடியாதா. முடியாது என்றால் மட்டும் கேட்டு உறுதி செய். தேதி இந்த வடிவில் வர வேண்டும். யாராவது திதியையோ பண்டிகைப் பெயரையோ சொன்னால் ஊகிக்காதே. தேதியும் கிழமையும் சொல்லிக் கேள். நாள் தள்ளிப்போனால், மருத்துவர் அனுமதித்த இடைவெளிக்குள் இருக்கிறதா என்று பார். முழுதும் வேண்டாம் என்று நோயாளி சொன்னால் எந்தக் கருவியையும் எடுக்காதே; சிஸ்டருக்குத் தகவல் அனுப்பு. ஒவ்வொன்றுக்கும் கீழே, நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்ட பேச்சை எடுத்துக்காட்டாக, பேசினபடியே, பெயர் நீக்கி வைத்தேன். ஆங்கில விளக்கத்துக்கு நடுவில் "இந்தத் தடவை விட்டுடுங்கம்மா" என்று தமிழில் நின்றது.

தவறு நேர்ந்தால் கருவி திருப்பிச் சொல்லும் வாசகங்களையும் மாற்றினேன். முன்பெல்லாம் 'பிழை' என்று ஓர் எண் மட்டும் வரும். ஏஜென்ட் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அந்த வேளையில் இடம் காலி இல்லை, அதே நாளின் மற்ற வேளைகளைப் பார்க்க இந்தக் கருவியைப் பயன்படுத்து என்று எழுதினேன். அதற்கு அடுத்த அடி எங்கே வைப்பது என்று தெரிய வேண்டும்.

அதோடு நிற்கவில்லை. தலைமைப் புரோகிராமரிடம் போய் இரண்டு ரத்துக் கருவிகளின் பெயரையும் மாற்றச் சொன்னேன். தமிழில் சொன்னால், ஒன்று 'ஒரு நாளை மட்டும் விலக்கு'. மற்றது 'நோயாளியின் கணக்கை நிரந்தரமாக மூடு'.

"பேரை மாத்தினா பல இடத்துல உடையும் அக்கா. எல்லாத்தையும் தேடித் தேடி மாத்தணும்."

"பேர் பொய் சொன்னா கீழ நான் என்ன எழுதினாலும் எடுபடாதுங்க."

அவர் திரைப் பக்கம் திரும்பித் தேட ஆரம்பித்தார். மறுநாள் நான் வந்தபோது மாற்றி முடித்திருந்தார். ஷிப்ட் என்ற கருவியின் பெயரை, நான் கேட்காமலேயே, 'வேளையை மாற்று' என்று ஆக்கியிருந்தார்.

அன்று மதியம் இருவரும் சேர்ந்து சோதித்தோம். மையத்தின் அனுமதியோடு பழைய செய்திகளைப் பெயரும் எண்ணும் நீக்கி வாங்கி வைத்திருந்தோம். ஒவ்வொன்றையும் பழைய விளக்கத்தோடு ஒரு முறை, புதிய விளக்கத்தோடு ஒரு முறை ஓட்டினோம். பழையதில் ஏஜென்ட் தடுமாறியது, தவறான கருவியை எடுத்தது, எண்ணைப் பார்த்து நின்றது. புதியதில் நேராகப் போனது. தலைமையாசிரியரின் மனைவி சொன்ன அந்தச் செய்தியும் அதில் இருந்தது. ஏஜென்ட் மறுநாள் மாலையில் காலி இடம் பார்த்தது, வேளையை மாற்றியது, "நாளைய தினம் மட்டும் மாலைக்கு மாற்றப்பட்டது. மற்ற நாட்களில் மாற்றம் இல்லை" என்று பதில் எழுதியது.

"மாடல் அதேதானா?" என்று கேட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"அதேதான் அக்கா. நான் எதையும் தொடல." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சத்தியமா தொடல."

அவர் எழுந்து போய் சாரை அழைத்துவந்தார். தானே ஓட்டிக் காட்டினார். விளக்கங்களை எழுதியது அக்காதான் என்று இரண்டு முறை சொன்னார்.

ஆனால் அலுவலகத்தில் நடந்ததெல்லாம் பழைய செய்திகளை வைத்துத்தான். உண்மையான பரீட்சை வைகுண்ட ஏகாதசிக்கு வந்தது. அந்த நேரத்தில் ஸ்ரீரங்கத்துக்குள் வண்டி போகாது, வராது. பரமபதவாசல் திறக்கும் நாளில் ஊரே நிரம்பி வழியும். அங்கிருந்தும் மாம்பழச் சாலைப் பக்கத்திலிருந்தும் டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் நேரம் மாற்றிக் கேட்பார்கள். "அதுக்கு முன்னாடி நாள் எங்களுக்குச் சாப்பாடே கிடையாதுங்க. போன் கீழ வைக்க முடியாது" என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்.

முந்தின நாள் காலை நானும் தலைமைப் புரோகிராமரும் மையத்துக்குப் போய்விட்டோம். சிஸ்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார், பொத்தானில் விரலோடு. நாங்கள் பின்னால் நின்றோம்.

செய்திகள் வர ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு மழைபோல். ஏஜென்ட் ஒவ்வொன்றையும் எடுத்தது, என்ன செய்யப்போகிறது என்று காட்டியது, சிஸ்டர் படித்தார், அழுத்தினார். ஒருவரை மதியத்துக்கு. ஒருவரை அன்று மாலைக்கே. இடம் இல்லாதபோது அது நிற்கவில்லை. அடுத்த வேளையைப் பார்த்து, "காலை இடம் இல்லை, மாலையில் இருக்கிறது, சம்மதமா" என்று கேட்டது. கேட்க வேண்டிய இடத்தில் ஒரு முறை கேட்டது. கேட்கத் தேவையில்லாத இடத்தில் கேட்கவில்லை.

நடுவில் தலைமையாசிரியரின் மனைவியின் குரல் வந்தது. "நாளைக்கு எங்க தெருவுல வண்டி விட மாட்டா. துவாதசி காலம்பற குடுத்தா க்ஷேமமா இருக்கும்."

மூவரும் திரையை நோக்கிக் குனிந்தோம். ஏஜென்ட் காலண்டரைத் தேடி ஓடவில்லை. நாளை மறுநாளின் தேதியையும் கிழமையையும் சொல்லி, "துவாதசி என்று நீங்கள் சொல்வது இந்த நாளைத்தானே?" என்று கேட்டது. "ஆமாம், ஆமாம்" என்று பதில் வந்தது. ஒரு நாள் தள்ளிப்போவது அவருக்கு மருத்துவர் அனுமதித்த இடைவெளிக்குள் இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது. அந்த ஒரு நாளை மட்டும் மாற்றிக் காட்டியது. சிஸ்டர் அழுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, "திதி கூடத் தெரிஞ்சுக்கிச்சே" என்றார்.

"தெரியலன்னு தெரிஞ்சுக்கிச்சு சிஸ்டர். அதான் கேட்டுச்சு" என்றேன்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வேறு மாதிரி ஒரு செய்தி வந்தது. "இனிமே நான் வரல. போதும்." அவ்வளவுதான். பழைய நாளாக இருந்தால் அந்தக் கணக்கு அப்போதே மூடப்பட்டிருக்கும். ஏஜென்ட் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. அந்தச் செய்தியை அப்படியே மேலே கொண்டுவந்து, "இவரிடம் நீங்களே பேச வேண்டும்" என்று சிஸ்டருக்குக் காட்டியது.

சிஸ்டர் உடனே எழுந்து உள்ளே போய் அந்த வீட்டுக்குப் போன் செய்தார். வெகு நேரம் பேசினார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. முகம் தெளிவாக இருந்தது. "அவரோட அண்ணன் கூட்டிட்டு வராராம். சாயங்காலம் இடம் போட்டுடலாம்" என்றார். அந்த இடத்தை அவரே கையால் பதிவு செய்தார். அத்தனை போனும் இருந்த பழைய நாளில் அந்த ஒரு மனிதருக்கு அவ்வளவு நேரம் அவரால் கொடுத்திருக்க முடியுமா? அதை நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "போன் அடிச்சுக்கிட்டே இருந்திருந்தா இதை நான் கவனிச்சிருக்க மாட்டேங்க."

பிறகு பழையபடி உட்கார்ந்து அழுத்த ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டார். "நான் படிக்கறதும் அமுக்கறதும்தான் தாமதம். ஒண்ணுகூட மாத்த வேண்டி வரல. நேரம் மாத்தறதை அதுவே பண்ணட்டும்ங்க. என்கிட்ட வர வேண்டியது மட்டும் வரட்டும்."

தலைமைப் புரோகிராமர் அங்கேயே லேப்டாப்பைத் திறந்து அந்த அனுமதியைக் கொடுத்தார். அதற்கப்புறம் நாங்கள் மூவரும் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக இடம் மாறி, தத்தம் வேளையில் போய் அமர்ந்தன. சிஸ்டர் டிபன் பாக்ஸைத் திறந்தார். ஏகாதசிக்கு முந்தின நாள் பகலில் அங்கே ஒருவர் நிதானமாகச் சாப்பிட்டார். எங்களுக்கும் ஆளுக்கொரு கை எலுமிச்சை சாதம் கொடுத்தார்.

மாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் ஏறினேன். எதிரே, பக்கத்தில், பின்னால் எல்லாம் ஸ்ரீரங்கத்தை நோக்கிப் போகும் ஜனம். வண்டி நகரவில்லை. வழக்கமாக எரிச்சல் வரும். அன்று ஹாரன் சத்தத்துக்கு நடுவில், ஹெல்மெட்டுக்குள், நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். ஏதோ பக்திப் பரவசம் என்று நினைத்திருப்பாள்.

வீட்டில் கணவரிடம் எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "அப்ப உன்னைப் படிக்கறதுக்கு ஆள் வந்தாச்சுன்னு சொல்லு" என்றார்.

"ஆள் இல்லீங்க."

"படிக்குதுல்ல? அப்புறம் என்ன."

மையத்தின் மருத்துவர் எங்கள் சாருக்கு மறுபடி போன் செய்தார். அவருடைய நண்பர்கள் நடத்தும் வேறு இரண்டு மையங்களுக்கும் இதை வைக்க வேண்டுமாம். சார் எல்லோரையும் கூட்டி, என்னைக் காட்டி, இனி எந்தக் கருவியும் இவர் கண்ணில் படாமல் வெளியே போகக் கூடாது என்றார். அதைச் சொல்லிவிட்டுத் தலைமைப் புரோகிராமரைப் பார்த்தார். அவர் ஏதாவது மறுப்பார் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

"வெளிய போறதுக்கு முன்னாடி இல்ல சார்" என்றார் அவர். "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அக்கா வரணும். எழுதி முடிச்ச பிறகு பேர் மாத்தறது எனக்குத்தான் கஷ்டம்."

அடுத்த வாரம் அவர் என் மேஜைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மருந்துக் கடைகளுக்குப் புதிதாக ஒரு கருவி செய்ய வேண்டும். மருந்து தீரப்போகிறது என்றால் முன்கூட்டியே ஆர்டர் போடுவது. இன்னும் ஒரு வரி புரோகிராம்கூட எழுதவில்லை.

"சொல்லுங்க அக்கா, எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?"

"தீரப்போகுதுன்னா என்ன அர்த்தம்? ஒரு அட்டை இருந்தாலா, ஒரு பெட்டி இருந்தாலா? யார் அதை முடிவு பண்றாங்க?"

அவர் பேனாவை எடுத்தார். கடைக்காரரையே கேட்டுவிடலாம் என்று இருவரும் கீழே இறங்கி, எதிர் வரிசையில் இருந்த மருந்துக் கடைக்குப் போனோம். திரும்பி வந்து, அந்தக் கருவிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டுத்தான் அன்று சாப்பிடப் போனோம்.